பாலீஷ், லூப்ரிகன்ட், ரிலீஸ் ஏஜென்ட்: மூன்றுக்கும் ஒரே மெழுகுக் கலவை சரிவருமா?

மரத்தூள்:
மரவேலையும் கொஞ்சம் எபாக்ஸி (கலந்து ஊற்றினால் இறுகும் ரெசின்) வார்ப்பும் செய்கிறேன். விற்கிற பேஸ்ட் வேக்ஸ் டப்பாக்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் எழுதியே இருக்காது, அதனால் நானே கலக்க ஆரம்பித்தேன். இப்போது ஓடுவது எடைக் கணக்கில் தேன்மெழுகு 2 பங்கு, கார்னாபா (ஒரு வகைப் பனையோலையில் இருந்து வரும் கடின மெழுகு) 1 பங்கு, கரைப்பானாக டர்பன்டைன் 6 பங்கு. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வெந்நீரில் வைத்து உருக்கி ஆறவிடுகிறேன்.

மூன்று தொல்லை. ஆறியதும் பேஸ்ட் ரவைபோல நறநற என்று இருக்கிறது. மேசையில் தேய்த்தால் பளபளப்பு வருகிறது, ஆனால் விரல் பட்ட இடமெல்லாம் தடம். எபாக்ஸி அச்சில் ரிலீஸ் ஏஜென்டாக, அதாவது வார்ப்பு ஒட்டாமல் கழன்று வர, பூசினால் தட்டையான இடத்தில் கழன்று வருகிறது, மூலைகளில் பிடித்துக்கொள்கிறது. இதே கலவையை ரம்ப மேசைக்கும் மேசை இழுப்பறைக்கும் பூசுகிறேன், அங்கே பரவாயில்லை. ஒரே அடிப்படைக் கலவையை வைத்துக்கொண்டு வேலைக்குத் தகுந்தமாதிரி சின்னச் சின்ன மாற்றம் செய்தால் போதுமா, இல்லை ஒவ்வொன்றும் தனித்தனியா?

கொதிநிலை:
நறநறப்பில் இருந்து ஆரம்பிப்போம், அது சுலபம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், கார்னாபா 82 முதல் 86 வரை போக வேண்டும். ஒரே பாத்திரத்தில் போட்டால் தேன்மெழுகு முதலில் உருகி டர்பன்டைனோடு சேர்ந்து தெளிவாகத் தெரியும், நீங்களும் எல்லாம் கரைந்துவிட்டது என்று இறக்கிவிடுவீர்கள். அடியில் கார்னாபா பாதி கரைந்து கிடக்கும். முழுதாகக் கரைந்திருந்தாலும் ஆறும்போது கார்னாபாதான் முதலில் படிகமாகும். மெதுவாக ஆறினால் படிகம் பெரிதாக வளர நேரம் கிடைக்கும், அதுதான் உங்கள் ரவை.

வரிசையை மாற்றுங்கள். முதலில் கார்னாபாவை மட்டும் உருக்குங்கள். அதில் தேன்மெழுகு. இரண்டும் கண்ணாடிபோலத் தெளிந்த பிறகு சூட்டிலிருந்து வெளியே எடுத்து, கரைப்பானோடு சேருங்கள். கரைப்பான் ஜில்லென்று இருந்தால் ஊற்றிய நொடியே கார்னாபா துகளாகப் பிரியும், அதனால் அதை வெந்நீர் நிரம்பிய தொட்டியில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். கலவை மங்கலாகத் தொடங்குகிற கட்டத்துக்குச் சற்று முன்னால் டப்பாவில் ஊற்றிவிடுங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். டர்பன்டைனின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது தீப்பற்றக்கூடிய அளவு ஆவி எழத் தொடங்கும் சூடு, சுமார் 35 டிகிரிதான். 85 டிகிரி மெழுகு அதில் விழுந்ததும் மேலே எரியக்கூடிய ஆவி கட்டாயம் இருக்கும், அதைத் தவிர்க்கவே முடியாது. நாம் தவிர்க்கக்கூடியது தீப்பொறியை மட்டும். அடுப்பு, ஸ்விட்ச், பைலட் விளக்கு எதுவும் இல்லாத திறந்த வெளியில் கலக்கவும். கரைப்பானை அடுப்பில் வைத்துச் சுடவைக்கிறவர்கள் தயவுசெய்து இந்த இழையோடு அதை நிறுத்திவிடுங்கள்.

பழையலேத்:
எல்லாம் சரி, ஆனால் அவர் கேட்ட பெரிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரே கலவை சரிவராது. மூன்று வேலையிலும் மெழுகு செய்ய வேண்டியதே வேறு வேறு. பாலீஷில் படலம் மெல்லியதாக, கடினமாக, அசையாமல் இருக்க வேண்டும். லூப்ரிகன்ட்டில் அழுத்தம் வந்த இடத்தில் வெட்டுப்பட்டு வழுக்கிக்கொடுக்க வேண்டும், ஆனாலும் உலோகத்தை விட்டு முழுதாகப் போய்விடக் கூடாது. அச்சில் ஊற்றுகிற பொருள் அதைக் கரைக்கவும் கூடாது, அது பொருளோடு ஒட்டிப் போகவும் கூடாது. ஒன்றுக்கு நல்ல குணம் இன்னொன்றுக்குக் கெட்ட குணம்.

ரம்ப மேசையில் உங்கள் கலவை பரவாயில்லை என்கிறீர்கள், அங்கே பாரம் குறைவு. மரம் நகர்கிறது, அவ்வளவுதான். எதைப் பூசினாலும் வேலை செய்யும், நன்றாகத் துடைத்திருந்தால் சரி. இரும்பின் மேல் இரும்பு அழுத்தத்தோடு தேயும் இடத்தில் கதை வேறு. பாரஃபின் வெறும் ஹைட்ரோகார்பன், உலோகத்தைப் பிடித்துக்கொள்ள அதில் கை கிடையாது. ஸ்டியரிக் அமிலம் போன்ற நீண்ட சங்கிலி அமிலம் சில சதவீதம் இருந்தாலே அதன் ஒரு முனை உலோக ஆக்சைடோடு வினைபுரிந்து சோப்பாக மாறி மேற்பரப்பில் நின்றுவிடும். அந்தச் சோப்பின் உருகுநிலை அமிலத்தைவிட அதிகம், ஆகவே 69 டிகிரியில் உருகுகிற ஸ்டியரிக் அமிலம் அதற்கு மேலான சூட்டிலும் உராய்வைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அலுமினியம் அறுக்கிற பிளேடுக்குத் தேய்க்கிற குச்சி மெழுகுகளில் கொழுப்பும் கொழுப்பு அமிலமும் இருப்பது சும்மா இல்லை.

தேன்மெழுகிலும் தனி அமிலம் கொஞ்சம் உண்டு. திருகாணியில் தேன்மெழுகு பூசுவது அதனால்தான் பாரஃபினைவிட நன்றாகப் போகிறது என்பது என் கருத்து. சோப்பைத் தேய்ப்பவர்களும் உண்டு, அது ஈரத்தை இழுத்து ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும், வேண்டாம்.

அச்சுக்காரி:
மூலையில் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன், தினமும் ஃபைபர் கிளாஸ் அச்சோடு மல்லுக்கட்டுகிறவள்.

மூலையில் துணி சரியாக நுழையாது. ஒன்று மெழுகே படாமல் விட்டுப்போகும், அல்லது நிறையத் தங்கிவிடும். தங்கின இடத்தில் டர்பன்டைன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெளித்தோல் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். அதன்மேல் எபாக்ஸி ஊற்றினால் அந்த மென்மையான மெழுகு ரெசினோடு கலந்துவிடும், அப்புறம் கழன்று வர என்ன இருக்கிறது? இன்னொன்று சூடு. கனமாக ஊற்றிய எபாக்ஸி தானாகவே சூடேறும், கெட்டியான வார்ப்பின் நடுவில் 100 டிகிரியையே தாண்டக்கூடும். உங்கள் கலவையிலுள்ள மெழுகில் மூன்றில் இரண்டு பங்கு 64 டிகிரியில் தண்ணீராகிறது. பாலியெஸ்டர் ரெசின் என்றால் இன்னும் மோசம், அதிலுள்ள ஸ்டைரீன் மென்மையான மெழுகைக் கரைத்தே விடும். அச்சு மெழுகுகளில் கார்னாபாவை நம்புவது பளபளப்புக்காக இல்லை, அது சூட்டையும் கரைப்பானையும் ஓரளவு தாங்குகிறது என்பதற்காக.

நான் செய்வது இப்படி. மெல்லிய பூச்சு, மங்கலாகும்வரை விட்டுத் துடைப்பது, பிறகு கரைப்பான் முழுதாக வெளியேறும்வரை சும்மா விடுவது, அடுத்த பூச்சு. புது அச்சு என்றால் பல பூச்சு. அவசரப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் இரண்டாவது பூச்சின் கரைப்பான் முதல் பூச்சைக் கரைத்துத் துடைத்துக்கொண்டு போய்விடும், எத்தனை தரம் பூசினாலும் ஒரே பூச்சுதான் மிச்சம். நம்பிக்கை வராத அச்சுக்கு மெழுகின்மேல் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால், மரப்பசை அல்ல) கரைசல் ஒரு படலம். அது தண்ணீரில் கரையும், ஸ்டைரீனுக்கு அசையாது.

உங்கள் அச்சு மரமா, பிளாஸ்டரா? அப்படியென்றால் முதலில் துளைகளை வார்னிஷ் அல்லது ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) கொண்டு அடைக்க வேண்டும். உறிஞ்சுகிற மேற்பரப்பில் மெழுகு உள்ளே போய்விடும், மேலே எதுவும் நிற்காது.

அப்புறம், தயவுசெய்து சிலிக்கோன் எண்ணெயை எதிலும் கலக்காதீர்கள். கழல்வது அருமையாகக் கழலும். ஆனால் வார்ப்பின்மேல் பெயின்ட் அடித்தால் மீன் கண்போலக் குழி குழியாக விலகி நிற்கும், ஒட்டுப்பசையும் பிடிக்காது. அந்தத் துணி, அந்த மேசை, பக்கத்தில் இருந்த மரச்சாமான் எல்லாவற்றுக்கும் பரவும்.

மரத்தூள்:
அச்சு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), வார்னிஷ் ஒரு கை மட்டும் அடித்தது. சரி, அது புரிந்துவிட்டது. மேசையில் விரல் தடம் விழுவதற்கு என்ன செய்வது? கார்னாபாவை ஏற்றிக்கொண்டே போகட்டுமா?

கொதிநிலை:
கொஞ்சம்தான் ஏற்றலாம். மெழுகுகளின் உருகுநிலை கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பதுபோல நடக்காது. மென்மையான மெழுகில் சிறிதளவு கார்னாபா சேர்த்தாலே உருகுநிலை சட்டென்று ஏறும், அதற்கு மேல் சேர்க்கச் சேர்க்க ஏற்றம் குறைந்துகொண்டே போகும். ஆனால் உடையும் தன்மை ஏறிக்கொண்டே இருக்கும். கார்னாபா தனியாக இருந்தால் கல் மாதிரி, துணியால் தேய்த்துப் பரப்பவே முடியாது. டப்பாவில் “100 சதவீதம் கார்னாபா” என்று போட்டிருந்தால் அது உள்ளே இருக்கிற மெழுகுப் பகுதியைப் பற்றிய பேச்சு, மொத்த டப்பாவைப் பற்றியது அல்ல.

விரல் தடத்துக்குக் காரணம் தேன்மெழுகின் மென்மையும் ஒட்டும் தன்மையும். அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நுண்படிக மெழுகு, அதாவது மைக்ரோகிரிஸ்டலைன், போட்டுப் பாருங்கள். பெட்ரோலியத்தில் இருந்தே வருவது, பாரஃபினுக்கு உறவு. ஆனால் மூலக்கூறு பெரியது, கிளை கிளையாக இருக்கும், அதனால் படிகம் மிகச் சிறிதாக விழும். 60-இல் இருந்து 90-ஐத் தாண்டும் வரை பல தரங்களில் கிடைக்கிறது. உருகுநிலை உயர்ந்த, கடினமான தரத்தைக் கேட்டு வாங்குங்கள், மென்மையான தரங்கள் தேன்மெழுகைவிடப் பிசுபிசுக்கும். கரைப்பானையும் எண்ணெயையும் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. பாரஃபின் அதைச் செய்யாது, பேஸ்ட் வைத்திருந்தால் மேலே எண்ணெய் வேர்க்கும்.

கார்னாபாவின் நிறத்தையும் கவனியுங்கள். இளம் ஓலையில் இருந்து எடுப்பது வெளிர் மஞ்சள், அதை டி1 என்பார்கள். முதிர்ந்த ஓலையில் இருந்து வருகிற டி3, டி4 பழுப்பு. கருமரத்தில் பரவாயில்லை, வெளிர் மரத்தில் அழுக்குபோலத் தெரியும்.

வெண்கலமணி:
நுண்படிக மெழுகு பேச்சு வந்துவிட்டதால் நுழைகிறேன். பழைய உலோகப் பொருள்களைப் பராமரிக்கிறவர்கள் தேன்மெழுகை விட்டு அதற்குப் போனதற்குக் காரணம் மேலே பழையலேத் புகழ்ந்த அதே அமிலம்தான். தேன்மெழுகின் அமில மதிப்பு (தனி அமிலம் எவ்வளவு என்று காட்டும் எண்) 17 முதல் 24 வரை இருக்கும். செம்பு, பித்தளை, வெண்கலத்தின் மேல் நாள்பட இருந்தால் பச்சை நிறத்தில் செம்புச் சோப்பு உருவாகும். பித்தளைத் திருகாணியைச் சுற்றிப் பச்சையாகப் பிசின் மாதிரி பார்த்திருப்பீர்களே, அது.

1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவாக்கி, இன்று ரெனைசான்ஸ் வேக்ஸ் என்ற பெயரில் விற்கிற பாலீஷின் அடிப்படை நுண்படிக மெழுகு, பாலியெத்திலின் மெழுகு, ஒயிட் ஸ்பிரிட் (பெட்ரோலியக் கரைப்பான்). அதில் தேன்மெழுகும் இல்லை, கார்னாபாவும் இல்லை. மரத்தூள், உங்கள் மேசைக்கு நான் சொல்வது இதுதான்: கார்னாபாவுக்குப் பதிலாகப் பாலியெத்திலின் மெழுகு.

பழையலேத்:
“புகழ்ந்த அதே அமிலம்” என்று ஒரு குத்து. ஏற்கிறேன், இரும்பில் மட்டும் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாலியெத்திலின் மெழுகை வீட்டில் உருக்கச் சொல்வதற்கு முன்னால் அது எத்தனை டிகிரியில் உருகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெண்கலமணி:
நியாயம். தரத்தைப் பொறுத்து 100-ஐத் தாண்டும், ஆகவே கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியில் வைத்தால் உருகவே உருகாது. தெர்மோஸ்டாட் உள்ள மின் தட்டு வேண்டும், தெர்மாமீட்டரும் வேண்டும். பாலியெத்திலினை நுண்படிக மெழுகிலேயே முதலில் உருக்கிக் கலந்து, பிறகு சூட்டைக் குறைத்து, தட்டை அணைத்து, அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கரைப்பானோடு சேர்க்க வேண்டும். 110 டிகிரி மெழுகில் நேராக ஒயிட் ஸ்பிரிட் ஊற்றுவது தற்கொலை.

சங்கிலி:
நான் சைக்கிள்காரன், லூப்ரிகன்ட் பக்கம் பேச ஆள் குறைவாக இருக்கிறது. எண்ணெய் போட்ட சங்கிலியில் தூசி ஒட்டி அரைக்கிற பசையாகிவிடும். மெழுகு காய்ந்து கிடப்பதால் தூசி ஒட்டாது, அதுதான் அதன் முதல் லாபம். சங்கிலியில் இருக்கிற பழைய கிரீஸை, புதுச் சங்கிலியோடு வருகிற கிரீஸையும்கூட, முழுதாகக் கழுவி எடுத்த பிறகு உருகிய பாரஃபினில் முக்க வேண்டும். சங்கிலியும் மெழுகின் சூட்டுக்கு வரும்வரை உள்ளேயே கிடக்கட்டும், இல்லாவிட்டால் ஊசிக்குள்ளே போகாது, வெளியே தடித்து உறைந்துவிடும். வெளியே எடுத்துத் தொங்கவிட்டு ஆறவைத்தால் ஒவ்வொரு இணைப்பும் விறைப்பாக நிற்கும், கையால் மடக்கி உடைத்துவிட்டால் போதும்.

பாரஃபினில் பிடிஎஃப்இ (டெஃப்லான்) தூள் கலந்தால் இன்னும் நன்றாக ஓடும் என்கிறார்கள். நானும் கலக்கிறேன்.

கொதிநிலை:
பிடிஎஃப்இ தூள் உருகிய மெழுகில் மிதக்கிறதா, அடியில் உட்காருகிறதா என்று பார்த்தீர்களா? மெழுகின் அடர்த்தி சுமார் 0.9, பிடிஎஃப்இ 2.2. உருகிய பாரஃபின் தண்ணீராக இருப்பதால் வேகமாக அடியில் இறங்கும். சங்கிலியை முக்கி ஆறவிடுகிற நேரத்தில் எவ்வளவு உள்ளே போனது என்பது சந்தேகம்தான். இதேபோல வழுக்கலுக்குக் கலக்கிற இன்னொரு தூளான மாலிப்டினம் டைசல்ஃபைடு அதைவிடக் கனம், அடர்த்தி 5 பக்கம், அது இன்னும் வேகமாக இறங்கும், கையும் துணியும் கறுப்பாகும். எடுக்கிற வரைக்கும் கிளறிக்கொண்டே இருங்கள், அல்லது கொஞ்சம் நுண்படிக மெழுகைச் சேர்த்துக் கலவையின் பாகுத்தன்மையை ஏற்றுங்கள். அதனால் இன்னொரு நன்மை, வெறும் பாரஃபின் குளிரில் செதில் செதிலாக உதிரும், நுண்படிக மெழுகு அதை வளையவைக்கும். அதிகம் போட்டால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டத் தொடங்கும், அப்போது எண்ணெயை விட்டு வந்ததற்கே அர்த்தமில்லை.

சங்கிலி:
அடியில் தங்குகிறதுதான். வெள்ளையாக ஒரு அடுக்கு. சரி, கிளறுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மழையில் ஓட்டினால் மெழுகுச் சங்கிலி சீக்கிரம் கீச்சிட ஆரம்பித்துவிடும். எண்ணெய் ஓடி வந்து இடத்தை நிரப்பும், மெழுகு ஒருமுறை பிதுங்கிப் போனால் திரும்பி வராது.

அச்சுக்காரி:
அந்தக் கடைசி வரிதான் மரத்தூளின் மொத்தக் கேள்விக்கும் பதில் என்று நினைக்கிறேன். திரும்பி வராத மெழுகு சங்கிலியில் குறை, பாலீஷிலும் அச்சிலும் அதுதான் வேண்டும்.

புதுக்கை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கரைப்பான் வாசனை எனக்கு ஆகாது. தண்ணீரில் மெழுகைக் கலக்க முடியுமா? போராக்ஸ் (வெங்காரம்) போட்டால் கலந்துவிடும் என்று எங்கேயோ படித்தேன்.

கொதிநிலை:
முடியும். போராக்ஸ் காரம், அது தேன்மெழுகில் இருக்கிற தனி அமிலத்தைச் சோப்பாக்குகிறது, அந்தச் சோப்புதான் மிச்ச மெழுகைத் தண்ணீரில் பிடித்துவைக்கிறது. பழைய கோல்டு கிரீம்கள் எல்லாம் இந்த வழிதான். கார்னாபாவின் அமில மதிப்பு 2 முதல் 7 வரைதான், அதனால் அது தன்னைத்தானே தாங்காது, ஸ்டியரிக் அமிலம் சேர்த்து அதை அம்மோனியா அல்லது ட்ரைஎத்தனோலமைன் கொண்டு சோப்பாக்க வேண்டும். தண்ணீரும் மெழுகின் சூட்டிலேயே, 90-க்கு மேலே, இருக்க வேண்டும். ஆறின தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகும். கடினநீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் சோப்பைக் கெடுத்துக் கலவையைப் பிரித்துவிடும்.

எந்தக் காரத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். அம்மோனியா காயும்போது ஆவியாகிப் போய்விடும், படலம் ஓரளவு தண்ணீர் தாங்கும், ஆனால் கலக்கும்போது கண் எரியும், செம்பு கலந்த பொருள்மேல் அதுவே கறை. ட்ரைஎத்தனோலமைன் அவ்வளவு சுலபமாகப் போகாது, கலக்கச் சுகம், ஆனால் ஈரக் குவளை வைத்தால் வெள்ளை வட்டம். தண்ணீர் இருக்கிற கலவையில் பூஞ்சை வரும், பாதுகாப்புப் பொருள் இல்லாமல் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

பழையலேத்:
ரம்ப மேசைக்குத் தண்ணீர்க் கலவையைப் பூசிவிட்டு துருப்பிடித்தது என்று இங்கே வந்து கேட்காதீர்கள்.

மரத்தூள்:
இன்னொரு சந்தேகம். ஆறும்போது கிளறலாமா கூடாதா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

வெண்கலமணி:
நான் கிளறுவேன், ஆறுகிறவரை. விரலில் எடுத்தால் கிரீம்போல வரும்.

அச்சுக்காரி:
நான் கிளறவே மாட்டேன். கிளறாமல் ஆறினால் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்து வலைபோலக் கட்டி அதற்குள் கரைப்பானைப் பிடித்துக்கொள்ளும், கெட்டியான பேஸ்ட் கிடைக்கும். கிளறினால் அந்த வலை உடையும், மென்மையாக இருக்கும், சில நாளில் ஓரத்தில் கரைப்பான் தேங்கி நிற்கும். எனக்கு மெல்லிய பூச்சு வேண்டும், கெட்டி பேஸ்டில்தான் துணி கொஞ்சமாக எடுக்கும். அவருக்குச் செதுக்கு வேலைப்பாட்டுக்குள் நுழைய வேண்டும், அதனால் கிரீம். இரண்டு பேரும் சரி.

கொதிநிலை:
கிளறாமல் விடுவதென்றால் வேகமாக ஆறவையுங்கள், சின்ன டப்பாக்களில் ஊற்றிக் குளிர்ந்த நீரில் நிறுத்தினால் போதும், படிகம் வளர நேரம் இருக்காது. பெரிய டின்னில் ஊற்றினால் ஓரத்தில் வழவழப்பு, நடுவில் ரவை.

கலவை சரியா என்று பார்க்க எனக்குப் பழகிய வழி: கண்ணாடித் துண்டை எடைபோட்டு, பூசித் துடைத்து மறுபடி எடைபோடுவது. நுண்ணிய தராசு இருந்தால் எடை குறைவது நிற்கிற நேரம்தான் கரைப்பான் போய் முடிந்த நேரம். அதை வெயிலில் வைத்து எடுத்து விரலால் அழுத்தினால் பாலீஷின் கதை தெரிந்துவிடும். உராய்வுக்கு ஒரு கட்டையில் எடை வைத்துச் சுருள்வில் தராசால் இழுத்து, இழுவிசையை மொத்த எடையால் வகுத்தால் எண் கிடைக்கும். அச்சுக்கு, ஓடு ஒன்றில் பூசிச் சின்னச் சின்ன வட்டமாக ரெசின் ஊற்றி, மறுபடி பூசாமல் எத்தனையாவது வட்டம் ஒட்டிக்கொள்கிறது என்று எண்ணுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள், பங்கை எடையில் எழுதுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம்.

அச்சுக்காரி:
அந்த வட்டங்களின் அடிப்பக்கத்தில் பெயின்ட் தொட்டுப் பாருங்கள். கழன்று வந்தும் பெயின்ட் விலகினால் மெழுகு வார்ப்போடு வந்துவிட்டது என்று அர்த்தம், துடைத்தது போதவில்லை.

மரத்தூள்:
சரி, மூன்று டப்பாவாகப் பிரித்துவிட்டேன். மேசைக்கு, கடின நுண்படிக மெழுகு 3, கார்னாபா 1, ஒயிட் ஸ்பிரிட் 9. பாலியெத்திலினுக்கு இப்போதைக்குத் தட்டு இல்லை, அதனால் கார்னாபாவே இருக்கட்டும். அச்சுக்கு, கார்னாபாவும் நுண்படிக மெழுகும் சரிபாதி, தேன்மெழுகே இல்லை, கரைப்பான் இரண்டரை மடங்கு. இழுப்பறைக்கும் ரம்பத்துக்கும் பாரஃபினில் நூற்றுக்கு 5 ஸ்டியரிக் அமிலம், கரைப்பானே இல்லாமல் கட்டியாக வார்த்தது, நேராகத் தேய்த்துக்கொள்கிறேன்.

நறநறப்பு போய்விட்டது. விரல் தடம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. எம்டிஎஃப் அச்சை மறுபடி வார்னிஷ் அடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஊற்றவில்லை. மேசையில் பழைய தேன்மெழுகு இருக்கிறதே, அதன்மேலேயே புதியதைப் பூசலாமா?

வெண்கலமணி:
வேண்டாம், புதியதின் கரைப்பான் பழையதைக் கரைத்து இரண்டும் கலந்து மறுபடி மென்மையாகும். தடம் முழுதாகப் போகாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஒயிட் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து எடுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள், காய்ந்த பிறகு பூசுங்கள்.

பழையலேத்:
மேசைக்கு அடியில் ஆளி எண்ணெய் அடித்திருந்தால், அந்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு எறியுங்கள். வெறும் மெழுகுத் துணிக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் கரைப்பான் காயும்வரை அதையும் உள்ளே வைக்க வேண்டாம்.

மரத்தூள்:
ஆளி எண்ணெய் இல்லை, ஷெல்லாக். துணி வெளியேதான் தொங்குகிறது.

வெண்கலமணி:
ஷெல்லாக் என்றால் ஒயிட் ஸ்பிரிட் அதை ஒன்றும் செய்யாது, தைரியமாகத் துடையுங்கள். ஸ்பிரிட் என்று பெயரில் இருக்கிறதே என்று ஆல்கஹாலை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஷெல்லாக்கும் சேர்ந்து வந்துவிடும்.